கிள்ளானில் மயிலாக இறங்கிய விமானம்

அந்த ஆண்டு முழுவதும், நான் ஓர் அழகு நிலையம் தொடங்கப்போகிறேன் என்றுதான் எங்கள் குடும்பம் நம்பிக்கொண்டிருந்தது.

அவர்கள்மீது குற்றமில்லை. சாட்சியங்கள் எல்லாம் அந்தத் திசையையே காட்டின. பிரிக்பீல்ட்ஸில், ஐந்தாம் மாடியிலுள்ள எங்கள் வீட்டின் பின்னறையிலிருந்து சனிக்கிழமை பிற்பகல்தோறும் நகப்பூச்சு வாசனை கிளம்பியது. கட்டைவிரல் உயரத்துக்கு வண்ணப் புட்டிகள் தபாலில் வந்து இறங்கின. நகம் தேய்க்கும் அட்டைகளும், புருவம் திருத்தும் இடுக்கிகளும், பஞ்சு சுற்றிய குச்சிகளும் பெட்டி பெட்டியாகச் சேர்ந்தன. என் கணவரின் அக்கா ராஜம் அண்ணி ஒரு நாள் அந்தப் புட்டிகளை எடுத்துப் பார்த்துவிட்டு, "இந்தப் பச்சையெல்லாம் யாரும்மா நகத்துல பூசுவா? கொஞ்சம் செகப்பா வாங்கி வைலா" என்று தொழில் ஆலோசனையே வழங்கினார்.

என் கணவர் சேகர் இன்னும் ஒரு படி மேலே போனார். சாய்வு நாற்காலி ஒன்று போட இடம் போதுமா என்று முன்னறையை அளவுநாடா பிடித்து அளந்தார். நான் எதையும் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கும்.

உண்மை இதுதான்: நாற்பத்தேழு வயதில், ஒரு கல்லூரியின் தலைமை நூலகர் என்னும் கனத்த பதவியை வகித்துக்கொண்டு, நான் பிளாஸ்டிக் போர் விமானங்களை ஒட்டி வண்ணம் பூசிக்கொண்டிருந்தேன். நக அட்டை இறக்கை ஓரம் தேய்க்க, இடுக்கி சின்னப் பாகங்களைப் பிடிக்க, வாசனை ஒட்டுப்பசையுடையது. (எழுதும்போதே காது சூடாகிறது.)

இந்த நோய்க்குக் காரணம் ஒரு புத்தகம். யாரோ ஒரு மாணவர் நூலகத்துக்குத் திருப்பித் தந்த அந்த நூல், உருமறைப்பைப் பற்றியது. போர்க்காலத்தில் ஓவியர்களையும் விலங்கியல் அறிஞர்களையும் அழைத்து, பீரங்கியும் விமானமும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்க என்ன வண்ணம் பூசலாம் என்று கேட்டிருக்கிறார்கள். பாலைவனத்துக்கு மணல் நிறம், பனிக்கு வெண்மை, காட்டுக்குப் பச்சையும் பழுப்பும். இரண்டே அமர்வில் படித்து முடித்தேன். மறுவாரம், "உறவுக்காரப் பையனுக்குப் பரிசு" என்று கடைக்காரரிடம் பொய் சொல்லி, ஒரு விமானப் பெட்டி வாங்கினேன். அந்தப் பையன் இன்றுவரை பிறக்கவில்லை.

முதல் இரண்டு விமானங்களுக்கு வழிகாட்டித் தாளில் இருந்தபடியே வண்ணம் பூசினேன். மூன்றாவது வந்தபோது என் கற்பனை கட்டறுந்துவிட்டது. ஒரு மாலை பால்கனியில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவோரப் பூக்கடைகள். நீலத் தார்ப்பாய்க் கூரைகள், வாழையிலைக் கட்டுகள், வெற்றிலைக் கூடைகள், சாமந்திக் குவியல்கள், மல்லிகைப் பந்துகள், நடுவே ரோஜாவின் அடர்சிவப்பு. அப்போது என் தலைக்குள் ஒரு விளக்கு எரிந்தது. (அணைத்திருக்கலாம்.) பாலைவனத்துக்கு ஓர் உருமறைப்பு உண்டென்றால், பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைத் தெருவுக்கு ஏன் ஒன்று இருக்கக்கூடாது? ஒரு போர் விமானத்தை அவசரமாக இந்தத் தெருவில் இறக்கி மறைக்க நேர்ந்தால், அதற்கு என்ன வண்ணம் வேண்டும்?

பதினொரு மாதங்கள் இந்தக் கேள்விக்கு விடை தேடினேன். இறக்கைகளுக்கு வாழையிலைப் பச்சை. அதில் நடுநரம்பும் கிளைநரம்புகளும் மெல்லிய கோடுகளாக. உடலில் சாமந்தி மஞ்சள் திட்டுகள், மல்லிகை வெண்புள்ளிகள், வாலருகே ரோஜாச் சிவப்பு. விமானி அமரும் கண்ணாடிக் கூண்டின் மேல் மயிலிறகு நீலத்தில் ஒரு தார்ப்பாய். அடிப்பகுதிக்கு மட்டும், காட்டுத்தீப் புகைமூட்டக் காலத்தில் நம் தலைக்கு மேல் தொங்கும் அந்தச் சாம்பல் கலந்த மங்கல் மஞ்சள். விமானத்தைச் சுற்றிலும் சின்னஞ்சிறு பூக்கூடைகள் செய்து ஒட்டினேன். ஒவ்வொரு கூடையும் ஒரு மிளகளவு.

அதோடு நின்றிருந்தால் நான் மனிதப் பிறவி. "பிரிக்பீல்ட்ஸ் வான்படைப் பிரிவின் வீர வரலாறு" என்று, இல்லாத படைக்கு நான்கு பக்கத்தில் அடிக்குறிப்புகளுடன் ஒரு கட்டுரையும் எழுதினேன்.

பூச்சோங்கில் ஒரு பேரங்காடியின் மேல்தளத்தில் மாதிரி விமானப் போட்டி நடக்கவிருந்தது. அதில் "கற்பனை வண்ணம்" என்று ஒரு பிரிவே இருந்தது. எனக்காகவே ஒரு கதவைத் திறந்து வைத்திருப்பதாகத் தோன்றியது. விமானத்தை நேரில் கொண்டுவந்து வைக்க வேண்டும். பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் எதையும் ஏற்கமாட்டார்கள். விண்ணப்பித்த மறுநாள்தான் ராஜம் அண்ணி வீட்டிலிருந்து தகவல் வந்தது. அவர் மகன் பிரகாஷுக்கும் கிள்ளானைச் சேர்ந்த கவிதாவுக்கும் நிச்சயதார்த்தம். அதே ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரைக்கு மேல் நல்ல நேரம்.

நான் அஞ்சவில்லை. திட்டம் தீட்டினேன். விமானத்தைக் காரில் ஒளித்துக் கிள்ளானுக்குக் கொண்டுபோவது. தட்டு மாற்றி முடிந்ததும், "நூலகத்தில் அவசர வேலை" என்று பூச்சோங்குக்கு நழுவுவது. பரிசு கிடைத்தால் ஒருவேளை உண்மையைச் சொல்வது. கிடைக்காவிட்டால் அழகு நிலையம் தொடங்கிவிடுவது.

விமானத்தைப் பாதுகாப்பாக எடுத்துச்செல்ல எது ஏற்றது என்று பல நாள் யோசித்து, கடைசியில் அடுமனைப் பொருள்கள் விற்கும் கடையில் விடை கண்டேன். பதினான்கு அங்குலத்தில் தங்க நிறக் கேக் அட்டை, அதன்மேல் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடி. மூடி கழன்றுவிடாமலிருக்கச் சிவப்பு நாடாவால் கட்டினேன். உடையக்கூடிய பாகமான, மூக்கிலுள்ள முன்சுழலியை மட்டும் கழற்றி, பஞ்சில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். இதைவிடக் கச்சிதமான ஏற்பாடு உலகில் இல்லை என்று மெய்யாகவே நினைத்தேன். தலைமை நூலகருக்கு இவ்வளவு மூளை.

நிச்சயதார்த்தத்தன்று காலை எல்லோரும் எங்கள் வீட்டிலிருந்து புறப்படுவதாக ஏற்பாடு. அண்ணி வீடு பூச்சோங்கில் இருந்தாலும், குடும்பத்தின் நல்ல காரியங்கள் அவருடைய தம்பி வீட்டிலிருந்தே கிளம்ப வேண்டும் என்பது அவர் கொள்கை. சாப்பாட்டு மேசை முழுவதும் வரிசைத் தட்டுகள். நம் ஊரில் வரிசைத் தட்டு என்பது இப்போது ஒரு கலைக்கண்காட்சி. ஆப்பிள்கள் கோபுரமாக நிற்கும், புடவை அன்னப்பறவையாக மடிந்திருக்கும், சாக்லேட் தாமரையாக மலர்ந்திருக்கும். எல்லாவற்றுக்கும் பளபளக்கும் உறை, நாடா. மறந்துவிடக்கூடாது என்பதற்காக, என் கேக் அட்டையையும் அதே மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டுப் பட்டுப்புடவை கட்டப் போனேன்.

கொசுவத்தோடு போராடி நான் வெளியே வந்தபோது மேசை துடைத்துவிட்டது போல இருந்தது. அண்ணியும் மற்றவர்களும் வேனில் கிளம்பிவிட்டார்கள்.

"எல்லாம் ஏத்தியாச்சா?" என்றேன்.

"எல்லாம் ஏத்தியாச்சு. வா வா, நேரமாச்சு" என்றார் கணவர்.

என் பெட்டியும் எங்கள் காரின் பின்புறம் இருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். பதினொரு மாத உழைப்பு; ஒரு முறை திறந்து பார்த்திருக்கலாம். ஆனால் திறந்தால், "அது என்ன?" என்று அவர் கேட்பாரே.

கவிதாவின் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். எங்களை வரவேற்றவர் அவளுடைய தாய்மாமன் மணியம். துறைமுகத்தில் சரக்குகளைப் பட்டியல் பார்த்துச் சரிபார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அன்றைய நிகழ்ச்சிக்குத் தம்முடைய கராவோக்கே இயந்திரத்தையே ஒலிபெருக்கியாக வைத்திருந்தார். எதிரொலியை எப்படி நிறுத்துவது என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை, அல்லது நிறுத்த மனம் வரவில்லை.

தட்டுகளை ஏந்தி நடந்தோம். எனக்குக் கிடைத்தது தேங்காய்த் தட்டு. கூடத்தில் விரித்திருந்த பாயில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தோம். மூடிகளை நீக்கினார்கள். நான் கணவரின் காதில், "என் டப்பாவை வண்டியில எங்க வச்சீங்க?" என்று கேட்டேன்.

"என்ன டப்பா?"

"மேசை ஓரத்துல இருந்ததே. மூடி போட்டு, செகப்பு ரிப்பன் கட்டி."

"அது அக்கா வேன்ல வந்துச்சேம்மா. தட்டோட தட்டா."

வரிசையைப் பார்த்தேன். வெற்றிலை, தேங்காய், ஆப்பிள், புடவை, சாக்லேட். விமானம் இல்லை. மறுபடியும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தேன். இல்லை. அண்ணி ஒவ்வொரு தட்டுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தார். அவருடைய மோதிர விரல் சந்தனத்தில் தோய்ந்து, கடைசித் தட்டை நோக்கி இறங்கியபோதுதான், அது என் விமானத்தின் மூக்கை நோக்கி இறங்குகிறது என்று எனக்குத் தெரிந்தது.

பதினொரு மாதம் அதைக் கண்ணெதிரே வைத்திருந்த நானே இரண்டு முறை பார்த்தும் காணவில்லை. இந்த உண்மையின் மகத்துவம் அந்த நொடியில் எனக்கு உறைக்கவில்லை. 

அண்ணி என்னருகே வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "லிஃப்ட்டுல கேசரித் தட்டு கவுந்துருச்சு சாரதா. பத்துதான் இருக்கு. ரெட்டைப் படையா எப்படிக் கொண்டு போறதுன்னு எனக்கு உசுரே போச்சு. திரும்ப மேல வந்து பாத்தா மேசையில கேக்கு! ஒரு வார்த்தை சொல்லாம இப்படி ஆர்டர் பண்ணி வச்சிருக்கியே…" அவர் கண்கள் கலங்கியிருந்தன. இருபது ஆண்டுகளில் அவர் என்னிடம் கலங்கியது அதுவே முதல்முறை.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என்னவென்று சொல்வது? "அண்ணி, நீங்கள் சம்பந்தி வீட்டுக்கு வரிசையாகக் கொண்டு வந்திருப்பது ஒரு போர் விமானம்" என்றா?

மணியம் மாமா ஒலிவாங்கியைத் தட்டினார். வந்த தட்டுகளைச் சபையறியச் சொல்வது அவர் பொறுப்பு. கப்பலிலிருந்து சரக்கு இறக்குவது போலவே தொடங்கினார். "மொத தட்டு, வெத்தல பாக்கு மஞ்சள்… மஞ்சள்… மஞ்சள்…" எதிரொலி பந்தலைத் தாண்டித் தெருமுனைவரை போயிற்று. பதினோராவது தட்டுக்கு வந்ததும் நிறுத்தினார். அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கூர்மையான மூக்கு, நீலக் கழுத்து, விரிந்த பச்சைச் சிறகுகள், புள்ளி புள்ளியாக அலங்காரம். முகம் மலர்ந்தது.

"பதினோராந் தட்டு… மயில் கேக்கு! மாப்பிள்ளையோட அத்தை ஸ்பெஷலா ஆர்டர் பண்ணது! கேக்கு… கேக்கு… கேக்கு…"

கூட்டம் கைதட்டியது. தொலைபேசிகள் நீண்டன. "பூவெல்லாம் எவ்ளோ சின்னதா செஞ்சிருக்காங்க பாருடி" என்றாள் ஒருத்தி. (மிளகளவு என்று நான் முன்பே சொன்னேன்.) என்ன சொல்ல, அந்த நிலையிலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

"அப்புறம் என்ன, மாப்பிள்ளையும் பொண்ணும் வந்து கேக்க வெட்டட்டும்!"

நான் எழுந்தேன். பொய் என்னிடம் கைவசம் இருந்தது. "அண்ணே, அது முட்டை சேர்த்த கேக். நல்ல நாளு, இன்னைக்கு வேண்டாமே."

"பரவால்லம்மா. நாங்க முட்டை சாப்புடுற ஆளுங்கதான்" என்றார் மாமா.

பிரகாஷும் கவிதாவும் ரிப்பன் கட்டிய கத்தியைச் சேர்ந்து பிடித்து, என் இடது இறக்கையின் மேல் வைத்து அழுத்தினார்கள். கத்தி வழுக்கியது. மறுபடியும் அழுத்தினார்கள். "ரொம்ப நேரம் ஃபிரிட்ஜுல வச்சிருப்பாங்க லா" என்று யாரோ சமாதானம் சொன்னார்கள். "குடு இப்படி" என்று கத்தியை வாங்கிய மணியம் மாமா, துறைமுகத்தில் முப்பது வருடம் பெட்டி பிரித்த கையால் ஒரு போடு போட்டார்.

'டக்' என்றது.

பதினொரு மாதம் என் தொண்டைக்குள் இருந்தது, தன்னைத்தானே வெளியே தள்ளிக்கொண்டது. "வெட்டாதீங்க! அது பிளேன்!"

மாமாவின் மறுகையில் ஒலிவாங்கி உயிரோடு இருந்தது. "பிளேன்… பிளேன்… பிளேன்…"

மாமா கத்தியை இறக்கையிலிருந்து எடுத்தார்.

"என்ன பிளேன்?" என்றார் அண்ணி.

"போர் விமானம், அண்ணி. பிளாஸ்டிக். நான்தான் பெயின்ட் பண்ணேன். ஒரு வருஷமா அதைத்தான் பண்ணிட்டிருக்கேன்."

என் கணவர் மெல்லக் கேட்டார். "அப்போ பியூட்டி பார்லர் இல்லையா?"

முதலில் சிரித்தது கவிதா. பட்டுப்புடவையும் நெற்றிச்சுட்டியுமாக, கத்தியிலிருந்து அவிழ்ந்த ரிப்பன் விரலில் சிக்கியிருக்க, அவள் குனிந்து தட்டின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோனாள். "ஐயோ, ஆமா! சக்கரம் இருக்கு! மாமா, மயிலுக்கு எங்கயாச்சும் சக்கரம் இருக்குமா?" கூட்டம் வெடித்தது. மணியம் மாமா சிரிக்கவில்லை. "மைக்குல மயில்னு சொல்லிட்டேனே" என்று நொந்துபோய் நின்றார்.

அண்ணியும் சிரிக்கவில்லை. அவர் முகம் சிவந்திருந்தது. சம்பந்தி வீட்டில், முதல் நல்ல காரியத்தில், வரிசைத் தட்டில் விளையாட்டுச் சாமான் வைத்துக் கொண்டுவந்த மாப்பிள்ளை வீட்டார் என்று ஆகிவிட்டதே. நான் மன்னிப்பைத் திரட்டிக்கொண்டு வாயைத் திறப்பதற்குள், அவர் என்னைக் கேட்டார்: "எதுக்கு இத பண்ண?"

"போட்டிக்கு அண்ணி. பூச்சோங்குல. ரெண்டு மணிக்குள்ள கொண்டுபோய் வைக்கணும்."

"இப்ப மணி என்ன?"

"பன்னெண்டே முக்கால்."

அண்ணி எழுந்து நின்றார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "நல்லா கேளு. ஜெயிச்சுட்டா, பரிசு வாங்குன சாமானைத் தட்டுல வச்சுக் கொண்டாந்தோம்னு நான் தலை நிமிந்து சொல்லுவேன். தோத்துட்டா, பொம்மை கொண்டாந்தவங்கன்னு காலத்துக்கும் பேரு. கெளம்பு. ஜெயிச்சுட்டு வா."

பதினொரு மாதம் எனக்கான ஆசையாக இருந்தது, ஒரு நிமிடத்தில் குடும்ப மானமாகிவிட்டது. நான் குனிந்து தட்டை எடுக்கப் போனேன்.

"நில்லுங்கம்மா" என்றார் மணியம் மாமா. "சபையில வச்சாச்சு. சந்தனம் குங்குமம் வச்சாச்சு. மைக்குல சொல்லியாச்சு. வச்ச தட்டைத் திருப்பி எடுக்கற பழக்கம் இல்ல. இது இப்ப எங்க வீட்டுப் பொருள்."

யாராலும் மறுக்க முடியாத நியாயம் அது. ஒரு கணம் எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். மாமா கண்ணை மூடி யோசித்தார். பிறகு தீர்ப்பு வழங்கினார். தட்டு மாப்பிள்ளை வீட்டார் கைக்குத் திரும்பக்கூடாது. ஆனால் பெண் வீட்டார் தங்கள் பொருளைத் தாங்களே எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். "நானே கொண்டாறேன். வண்டிய எடுங்க மாப்ள" என்றார் என் கணவரிடம்.

இப்படியாகத்தான், பட்டு வேட்டியும் அங்கவஸ்திரமும் சந்தனப் பொட்டுமாக மணியம் மாமா எங்கள் காரின் முன்னிருக்கையில், மடியில் ஒரு போர் விமானத்தோடு அமர்ந்தார். அவர் வாழ்க்கையில் பல சரக்குகளைப் பார்த்தவர்; இதையும் அதே பொறுப்போடு கவனித்தார். "மெதுவா திருப்புங்க மாப்ள, பூக்கூடை ஆடுது." நெடுஞ்சாலைக்கு வந்ததும் கேட்டார்: "இதுல எத்தன பேரு உக்காரலாம்?"

"ஒருத்தர்தான் அண்ணே."

"ஒருத்தருக்கா இவ்ளோ அலங்காரம்?" என்று வியந்தார். "கல்யாண மாப்பிள்ளைக்கே இவ்ளோ கெடையாது."

என் கணவர் வாழ்நாளில் எந்த வண்டியையும் முந்தியவர் அல்லர். அன்று முந்தினார்.

ஒன்று ஐம்பத்திரண்டுக்கு மேல்தளத்தில் மூச்சிரைக்க நின்றோம். விண்ணப்பப் படிவத்தில் 'உரிமையாளர்' என்ற இடத்தில் என் பெயரை எழுதப் போனேன்; மாமா இருமினார். உருவாக்கியவர் சாரதா என்றும், உரிமையாளர் கவிதா என்றும் எழுதிக் கொடுத்தேன். கைப்பையிலிருந்து முன்சுழலியை எடுத்துப் பொருத்தியபோது மாமா பெருமூச்சு விட்டார். "இத முதல்லயே மாட்டியிருந்தீங்கன்னா நான் கண்டுபுடிச்சிருப்பேன்லா."

மேசையில் விமானத்தை வைத்த பிறகுதான் அதை நிதானமாகப் பார்த்தேன். இடது இறக்கையில் விரல் நீளத்துக்கு ஒரு வெட்டு. மூக்கில் காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம். நான்கு பக்க வீர வரலாறு வீட்டு மேசையிலேயே தங்கிவிட்டது. சுற்றிலும் ஒரு தூசுகூட இல்லாத விமானங்கள். அவற்றுக்குப் பின்னால் கறுப்புச் சட்டை அணிந்த ஆண்கள். பட்டுப்புடவையில் நான் ஒருத்திதான்.

கணவர் ஒரு சுற்றுப் போய் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்தார். "பின்னறை மேசை உனக்குப் பத்தாது. பெருசா ஒண்ணு போட்டுரலாம்" என்றார். அழகு நிலையத்தைப் பற்றி அவர் அதற்குப் பின் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

தலைமை நடுவர் எழுபதை ஒட்டிய சீனப் பெரியவர். கையில் சிறு விளக்கு, பூதக்கண்ணாடி. என் மேசையருகே வந்து, வெட்டின் மேல் விளக்கை அடித்தார்; மூக்கின் மேல் அடித்தார்; என்னைப் பார்த்தார். "மேடம், இந்த உருமறைப்பு எதிலிருந்து எதை மறைக்கிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அடிக்குறிப்புகள் இல்லாமல் நான் உண்மையைச் சொன்னேன். பூக்கடைகளுக்கு நடுவே மறைய வேண்டும் என்று இதை உருவாக்கினேன். இன்று காலை, என் விருப்பம் இல்லாமலே, இதற்குச் சோதனை நடந்துவிட்டது. பூவும் பழமும் நிறைந்த பத்துத் தட்டுகளுக்கு நடுவில், இரண்டு குடும்பங்களின் முன்னால், பட்டப்பகலில், இரண்டு மணி நேரத்துக்கு மேல் இது இருந்தது. ஐம்பது பேர் நேருக்கு நேர் பார்த்தார்கள். புகைப்படம் எடுத்தார்கள். ஒருவர் கண்ணுக்கும் இது விமானமாகத் தெரியவில்லை. உருவாக்கிய என் கண்ணுக்கே முதலில் தெரியவில்லை. ஒலிபெருக்கியில் மயில் என்று அறிவித்தார்கள். அதன்பின் சாப்பிட முயன்றார்கள்.

"யார் சாப்பிட முயன்றது?"

மணியம் மாமா ஓரடி முன்னால் வந்தார். மலாயில், நீதிமன்றச் சாட்சியைப் போல நிமிர்ந்து நின்று, வெட்டியது தாம்தான் என்றார். "சும்பா!" என்று நெஞ்சில் கைவைத்துச் சத்தியமும் செய்தார்.

நடுவர் விளக்கை அணைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் தோள்கள் குலுங்கின. சக நடுவர்கள் இருவரைக் கைகாட்டி அழைத்து, மாமாவை மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். மாமா, "மொத தட்டு, வெத்தல பாக்கு…" என்றே தொடங்கினார்.

நான்கரை மணிக்கு முடிவு அறிவித்தார்கள். கற்பனை வண்ணப் பிரிவில் முதல் பரிசு எனக்கு. நடுவர் சொன்ன காரணம் இன்றும் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது: "இந்த அறையில் உள்ள உருமறைப்புகளில், வேலை செய்ததாகச் சாட்சியோடு நிரூபிக்கப்பட்டது இது ஒன்றே."

கணவர் அண்ணிக்குத் தொலைபேசியில் அழைத்தார். கிள்ளானில் யாரும் இன்னும் கலையவில்லையாம். தேநீர் குடித்துக்கொண்டு காத்திருந்தார்களாம்.  பிறகு எங்கள் கைபேசி வழியாகவே கராவோக்கே இயந்திரம் உயிர்பெறும் கரகரப்புக் கேட்டது. வாழ்நாளில் ஒலிவாங்கியைத் தொட்டிராத ராஜம் அண்ணியின் குரல் எழுந்தது. "எங்க சாரதா ஜெயிச்சுட்டா… ஜெயிச்சுட்டா… ஜெயிச்சுட்டா!" பின்னால் கைதட்டலும் விசிலும். பூச்சோங் பேரங்காடியின் மேல்தளத்தில், பட்டுப்புடவையோடு, பரிசுக் கோப்பையைக் கட்டிக்கொண்டு நான் அழுதேன். மாமாவும் அழுதார், முடிவு வந்ததும் எடுத்துக்கொண்ட தட்டை மட்டும் கையிலிருந்து இறக்கவில்லை.

விமானம் அன்று மாலையே உரிமையாளர் வீட்டுக்குப் போயிற்று. நான்கு மாதம் கழித்து நடந்த திருமணத்தில், பெண் வீட்டுச் சீரோடு சீராக, தனித் தட்டில் திரும்பி வந்தது. அந்தத் தட்டையும் மாமாதான் அறிவித்தார். இந்த முறை "விமானம்" என்று அழுத்தம் திருத்தமாக.

அதன்பிறகு எங்கள் குடும்பத்தில் எந்தப் பிறந்தநாளிலும் யாரும் நேரடியாகக் கேக் வெட்டியதில்லை. கத்தியின் பின்பக்கத்தால் முதலில் ஒரு தட்டு. பிறகு எல்லோரும் சேர்ந்து என்னிடம் கேட்பார்கள்: "அத்தை, வெட்டலாமா, பறந்துருமா?" என்னைப் பார்த்தேயிராத தூரத்து உறவினர்கள்கூட இதைக் கேட்கிறார்கள். நான் ஒவ்வொரு முறையும் பரிசோதித்து அனுமதி வழங்குகிறேன்.

பிரகாஷும் கவிதாவும் இப்போது ஜொகூரில் இருக்கிறார்கள், இரண்டு பெண்களோடு. விமானமும் அவர்கள் வீட்டில்தான், அது அவளுடையது. சந்தனத்தைத் துடைக்கவா என்று ஒரு முறை கேட்டாள், வேண்டாம் என்றேன். மணியம் மாமா சென்ற ஆண்டு காலமானார். அடுத்த ஆறாம் மாதம் என் கணவர். அதற்குப் பிறகு, தன் வீட்டைப் பூட்டிவிட்டு அண்ணி இங்கே வந்துவிட்டார்.

பின்னறையில் பெரிய மேசை இருக்கிறது. ஒரு பக்கத்தில் நான். எதிரே, மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, புதிய விமானம் ஒன்றின் இறக்கை ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கும் ராஜம் அண்ணி. ஒருவர் மட்டும் உட்காரும் விமானங்கள்தான்; இந்த மேசையில் நாங்கள் இருவர் இருக்கிறோம்.